மண் அணைக்காத கிழங்கு

பீன்யா, பெங்களூர்
8.7.2001

அன்புள்ள தம்பி உதயாவுக்கு,

அக்கா தனலக்ஷ்மி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சிந்துவும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் குறைந்ததா? உஷாவுக்குச் சோறு வயிற்றில் தங்குகிறதா? இரண்டுக்கும் மறக்காமல் பதில் எழுது.

தங்கச் சுரங்கத்தை மூடினதும் நீ எங்கள் மாதிரி பெங்களூருக்கு வந்து ஏதாவது கம்பெனியில் சேருவாய் என்று நினைத்தேன். மாலூர் பக்கம் கோவிந்தப்பா என்பவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். நம் வீட்டில் யார் ஏர் பிடித்திருக்கிறார்கள்? அப்பாவும் பூமிக்கு அடியில், நீயும் பூமிக்கு அடியில். உன் மாமாவும் அதையேதான் சொன்னார். நான் விடவில்லை. "என் தம்பி எதைத் தொட்டாலும் கற்றுக்கொள்வான்" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே ஷிப்ட்டுக்குப் போய்விட்டார்.

இங்கே என் மெஸ் நன்றாகவே நடக்கிறது. முன் அறையில் பெஞ்சு போட்டிருக்கிறோம். உன் மாமாவோடு தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள், பக்கத்துக் கம்பெனி ஆட்கள் எல்லாம் மத்தியானம் இங்கேதான் சாப்பிடுகிறார்கள். நம்மூர்ச் சமையல் என்று ஆம்பூர், வேலூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். அவர் கூட்டாளி முனியப்பன் மட்டும் தினமும் ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டு இரண்டாவது தடவை சோறு கேட்பார்.

நான் யோசித்து வைத்தது என்னவென்றால், எப்படியும் கிழங்கு யஷ்வந்த்பூர் மண்டியில்தான் வாங்குகிறேன். உன் கிழங்கு வந்ததும் எனக்கே அனுப்பு. வெளியில் கொடுக்கிற விலையையே கொடுப்பேன். தம்பி கிழங்கு என்று சொல்லிப் பரிமாறுவதில் எனக்கும் ஒரு பெருமை.

உஷாவை வெயிலில் நிற்க விடாதே. சிந்து ஏழாவது போகிறாள். மாமாவைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் அன்பு அக்கா,
தனலக்ஷ்மி

*

மாலூர்
2.9.2001

அன்பு அக்காவுக்கு,

உதயா எழுதிக்கிறது. இருமல் பரவாயில்ல. உஷா நல்லா சாப்பிடறா. மாமாவுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்லு.

இத்தனை வருஷம் விளக்கு மாட்டிக்கிட்டு வேலை செஞ்சவன் இப்ப கண்ணு கூச நிக்கிறேன். ஆனா புடிச்சிருக்கு அக்கா. ஜலந்தர்ல இருந்து வந்த விதைக்கிழங்கு போட்டோம். செடி இடுப்புக்கு வந்துடுச்சு. ஆகஸ்ட்ல ஒரு மழை, அப்பப்பா! மண்ணைக் கூட்டிப் போட்ட பாரெல்லாம் கரைஞ்சு ஓடிடுச்சு. கோவிந்தப்பா அண்ணன் வந்து, "மண்ணு அணை, மண்ணு அணை, கிழங்கு மேல வெயில் படக்கூடாது"ன்னு கத்திக்கிட்டே இருக்கார். ஒரு தடவை அணைச்சேன். அதுக்கு மேல கூலிக்கு ஆளுங்க கிடைக்கல. எல்லாரும் செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. உஷாவையும் குனிய வைக்க முடியாது.

அதனால ஒண்ணும் கெட்டுப் போகல. காலையில போய்ப் பார்த்தா கிழங்கு தானா மண்ணை விட்டு வெளிய வந்து தலையைக் காட்டுது. பார்க்கவே சந்தோஷமா இருக்கு. தோண்டாமலே பொறுக்கலாம் போல இருக்கு.

இந்த மாசக் கடைசியில தோண்டிடுவேன். மண்டிக்குப் போனது போக உனக்குக் கட்டாயம் அனுப்பறேன். மாமாகிட்ட சொல்லு, அவர் மச்சான் விவசாயி ஆயிட்டான்னு.

இப்படிக்கு உன் தம்பி,
உதயா

*

பீன்யா
7.10.2001

அன்புள்ள தம்பி உதயாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். உஷாவுக்கு இது எத்தனையாவது மாதம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறேன். பிரசவத்துக்கு நான் வந்துவிடுவேன், கவலைப்படாதே.

மூட்டைகள் லாரியில் பத்திரமாக வந்து சேர்ந்தன. தெருவே வேடிக்கை பார்த்தது. "என் தம்பி விளைவித்தது" என்று எல்லாரிடமும் சொன்னேன். உன் மாமா ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்து பார்த்து, "மண் வாசனை நல்லா இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னதே பெரிய விஷயம்.

ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மூட்டையில் மேலாக இருந்தவை வெள்ளையாக, நன்றாக இருந்தன. அடியில் இருந்தவை முக்கால்வாசி பச்சையாக இருக்கின்றன. தோல் மட்டும் இல்லை, சீவினால் உள்ளேயும் பச்சை ஓடுகிறது. அதில் கொஞ்சம் போட்டு ஒரு நாள் பொரியல் செய்தேன். நாக்கில் சுருக்கென்று கசந்தது. முனியப்பன், "அக்கா, பாகற்காயை உருளை மாதிரி நறுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

இது ஏதாவது புது ரகமா? சாப்பிடலாம்தானே? பச்சையாக இருப்பதையெல்லாம் தனியாக எடுத்துச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். உன் பதில் வந்த பிறகு சமைக்கிறேன். போனில் கேட்கலாம் என்றால் கோவிந்தப்பா வீட்டுக்குத்தான் அடிக்க வேண்டும். உன் சரக்கைப் பற்றி அவர் காதில் விழும்படி கேட்பது நன்றாக இருக்காது என்று எழுதுகிறேன்.

உடனே எழுது.

உன் அக்கா,
தனலக்ஷ்மி

*

மாலூர்
12.10.2001

அன்பு அக்காவுக்கு,

உன் லெட்டர் கிடைச்சது. நாங்க நல்லா இருக்கோம். உஷா உன்னை எதிர்பார்த்துக்கிட்டே இருக்கா.

கிழங்கைப் பத்திக் கேட்டிருந்த. புது ரகம்தான். அப்படித்தான் இருக்கும். நீங்க டவுன்ல கோல்டு ஸ்டோரேஜ்ல மாசக்கணக்கா கிடந்ததைத் தின்னு பழகிட்டீங்க, புதுசு அப்படித்தான் தெரியும். தோலைத் தடியா சீவிடு. காரம் கொஞ்சம் கூடப் போட்டு, புளி ஊத்திக் குழம்பு வை. கசப்பு தெரியாது. மண்டிக்கும் இதே மால்தான் போச்சு. அங்க யாரும் ஒண்ணும் சொல்லல.

ஊர்ல இருக்கறவன் எல்லாம் என்னைப் பார்த்து, சுரங்கத்துக்காரன் விவசாயம் பண்றான்னு சிரிக்கிறான். நீயும் குறை சொன்னா நான் யார்கிட்ட போவேன்? தனியா கட்டி வைக்காத, சமைச்சிடு. வச்சா முளை விட்டுடும்.

மாமாவுக்கும் சிந்துவுக்கும் என் அன்பு.

உதயா

*

மாலூர்
30.12.2001

அன்பு அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சிந்துவும் எப்படி இருக்கீங்க? நான் இதுக்கு முன்னாடி போட்ட ரெண்டு லெட்டருக்கும் பதில் இல்ல. உஷாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு எழுதியிருந்தேன். பிரசவத்துக்கு வர்றேன்னு சொன்னவ பார்க்கக்கூட வரல. உஷா வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கல. அவங்க வீட்டு ஆளுங்கதான், "நாத்தனார் எங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உனக்கு என்ன கோபம்னு தெரியல. மெஸ்ல வேலை அதிகமா இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

ரெண்டாவது போகம் போட்டிருக்கேன். இந்தத் தடவை தோட்டக்கலை ஆபீஸ்ல இருந்து யசோதான்னு ஒரு மேடம் வர்றாங்க. ஒவ்வொண்ணா சொல்லித் தர்றாங்க. விதைக்கிழங்கை ஆழமா வைக்கணுமாம். செடி கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு தடவை, பூ எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை, ரெண்டு பக்கமும் மண்ணை இழுத்து மலை மாதிரி அணைக்கணும். தண்ணி காயக்கூடாது, காஞ்சா மண்ணு வெடிக்கும், வெடிப்பு வழியா வெளிச்சம் உள்ள போயிடும். உரத்தைக் கண்டபடி கொட்டக்கூடாது. இலையெல்லாம் பழுத்துச் சாயற வரைக்கும் பொறுக்கணும். அப்புறம் தழையை அறுத்து விட்டுட்டு, தோல் முத்தின பிறகுதான் தோண்டணும். தோண்டினதை வெயில்ல போட்டு வைக்காம வைக்கோல் மூடி, காத்தோட்டமா இருட்டுல வைக்கணும். அடிபடவும் கூடாது.

கிழங்கு மேல வெளிச்சம் பட்டா தன்னைக் காப்பாத்திக்க அதுவே ஒரு விஷத்தைச் சேர்த்துக்குமாம். அதோட ரகத்துலயே கொஞ்சம் இருக்கும், நாம வளர்க்கிற விதத்துல அதைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம்னு மேடம் சொல்றாங்க. நான் இப்ப தினமும் பாரைச் சுத்தி வந்து, எங்கயாவது கிழங்கு தெரிஞ்சா அங்கயே குனிஞ்சு மண்ணு போட்டு மூடறேன்.

புது வருஷ வாழ்த்துகள். பதில் போடு.

உதயா

பி.கு.: அந்தப் பழைய மூட்டையில ஏதாவது மிச்சம் இருந்தா தூக்கிப் போட்டுடு.

*

நீலசந்திரா, பெங்களூர்
20.1.2002

உதயாவுக்கு,

உன் கடிதங்கள் பீன்யா விலாசத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு இப்போதுதான் கைக்கு வந்தன. நாங்கள் நீலசந்திராவுக்கு வந்துவிட்டோம். மேலே இருப்பதுதான் இனி விலாசம்.

பெண் குழந்தை பிறந்தது மிகவும் சந்தோஷம். என்ன பெயர் வைத்தீர்கள்? உஷாவுக்குத் தலை முழுகினதும் நல்ல சாப்பாடு போடு. அவளிடம் நான் வர முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டேன் என்று சொல். வரக் கூடாது என்று இல்லை. வர முடியவில்லை.

மெஸ்ஸை மூடிவிட்டோம். உன் மாமா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நான் ஊதுபத்தி உருட்டுகிறேன். சிந்து இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள்.

மிச்சம் எதுவும் இல்லை. இனிமேல் கிழங்கு அனுப்ப வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மாலூர்
10.3.2002

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? பாப்பாவுக்கு அனுஷான்னு பேர் வச்சிருக்கோம். உன் மூக்கு அப்படியே வந்திருக்கு.

ரெண்டாவது போகம் தோண்டிட்டேன். நீ பார்க்கணும் அக்கா! ஒரு கிழங்குகூடப் பச்சை இல்ல. தங்கம் மாதிரி இருக்கு. மண்டி ஏஜென்ட் வழக்கமா மூட்டையைக் கொட்டிப் பார்ப்பான். இந்தத் தடவை கையை விட்டுப் பார்த்துட்டு அப்படியே தூக்கிக்கச் சொல்லிட்டான். யசோதா மேடம் பக்கத்து ஊர் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, என் பாரைக் காட்டி இப்படித்தான் அணைக்கணும்னு சொன்னாங்க. சிரிச்சவனெல்லாம் வந்து பார்த்துட்டுப் போனான். அப்பா இருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

நீ வேண்டாம்னு எழுதியிருந்த. அது கோபத்துல எழுதினதுன்னு எனக்குத் தெரியும். கோவிந்தப்பா அண்ணன் பெங்களூர் லிங்கராஜபுரத்துல இருக்கற அவர் பொண்ணைப் பார்க்க வர்றார். அவர்கிட்ட ஒரு மூட்டை கொடுத்து அனுப்பறேன். ஒரு தடவை சமைச்சுப் பாரு. அப்புறம் சொல்லு.

நீலசந்திரா காத்து எப்படி இருக்கு? மாமாவுக்கு என் அன்பு.

உன் தம்பி,
உதயா

*

நீலசந்திரா
7.4.2002

உதயாவுக்கு,

அனுஷா சுகமாக இருக்கிறாளா? உஷாவுக்குப் பால் போதுகிறதா? இதை நான் மனசாரத்தான் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பா வந்தார். ஆட்டோவிலிருந்து மூட்டையை இறக்க உன் மாமா எழுந்து போய் இடது கையால் ஒரு முனையைப் பிடித்தார். கோவிந்தப்பா பார்த்துவிட்டு, "கைக்கு ஏனாயித்து சாமி, என்ன ஆச்சு?" என்று கேட்டார். "பிரஸ்ல மாட்டிக்கிச்சு" என்றார் அவர். அவ்வளவுதான் சொல்வார். எல்லாரிடமும் அப்படித்தான்.

உனக்கு நான் எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

"சமைத்துவிடு" என்று நீ எழுதின கடிதம் வந்த மறுநாள் அந்தச் சாக்கை அவிழ்த்தேன். நீ சொன்னபடியே தோலைத் தடிமனாகச் சீவினேன். காரம் தூக்கலாகப் போட்டுப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன். கசப்பு தெரியவில்லை. நீ சொன்னது சரிதான். எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சிந்துவுக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்திருந்தேன். நானும் சாப்பிட்டேன்.

அவருக்கு அன்றைக்கு மத்தியான ஷிப்ட். போய்க் கொஞ்ச நேரத்தில் எனக்கு வீட்டில் வயிற்றைப் பிசைந்தது. வாந்தி. பள்ளிக்கூடத்திலிருந்து சிந்துவை டீச்சர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அங்கே கம்பெனியில் இரண்டு மூன்று பேர் குழாயடியில் குனிந்து கிடந்திருக்கிறார்கள். அவருக்கும் தலை சுற்றி, பார்வை மங்கியிருக்கிறது. பாதியில் போனால் சம்பளம் பிடிப்பார்கள் என்று மிஷினை விட்டு நகரவில்லை. வயிற்று வலியில் முன்னால் சாய்ந்தபோது கால் பெடலை மிதித்துவிட்டது. முனியப்பன்தான், தானும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர், ஓடி வந்து மிஷினை நிறுத்தி, தன் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அதுவும் வலது கை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சாக்கில் மீந்திருந்த ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வெட்டிப் பார்த்தார். "இவ்வளவு பச்சையா இருக்கே, இதை எப்படிம்மா சமைச்சீங்க? வேகவைச்சாலும் இந்த விஷம் போகாது" என்றார். மற்றவர்கள் எல்லாம் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். சாமி புண்ணியம். ஆனால் அதற்கப்புறம் யார் என் வீட்டில் சாப்பிடுவார்கள்? வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். உடம்பு சரியில்லாமல் மிஷினில் நின்றது உன் மாமாவின் தப்பு என்று கம்பெனியில் எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். அவர் எந்தக் கையால் போடுவார்?

ஏன் அப்போதே உனக்கு எழுதவில்லை என்று நீ கேட்கலாம். உஷாவுக்கு நாள் நெருங்கியிருந்தது. அது ஒன்று. இன்னொன்று, நீ தெரியாமல் செய்தாய் என்று நான் நம்பினேன். சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்குக் கிழங்கைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லாரிடமும் உனக்காக வாதாடினேன். இது தெரிந்தால் என் தம்பி மனம் உடைந்து விவசாயத்தையே விட்டுவிடுவான் என்று பயந்து மூடி மூடி வைத்தேன். உன் கடிதத்தில் பழைய மூட்டையைத் தூக்கிப் போடு என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோதுகூட, பாவம், இப்போதுதான் தெரிந்துகொண்டான் என்றுதான் நினைத்தேன்.

இதையெல்லாம் கோவிந்தப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்த ஆலுகட்டே அம்மா? செப்டம்பர்ல தோண்டின கிழங்கா?"

"ஆமாம்."

"அது மண்டியில தள்ளின மால் அம்மா. ஏஜென்ட் எல்லாத்தையும் கொட்டி, பச்சையை எல்லாம் பொறுக்கி வெளிய போட்டான். மாட்டுக்குக்கூடப் போடாத, குழி தோண்டிப் புதைச்சிடுன்னு உங்க தம்பிகிட்ட நான்தான் சொன்னேன். என் பசு ஒண்ணு அதைத் தின்னுட்டு எழுந்திரிக்கவே இல்லன்னும் சொன்னேன். சரி அண்ணான்னான். மறுநாள் பார்த்தா மூட்டை இல்ல. புதைச்சிட்டியான்னு கேட்டேன். 'பெங்களூர்ல நம்ம ஆளுங்க இருக்காங்க, அங்க போயிடும்'னான். யாரோ வியாபாரின்னு நினைச்சேன் அம்மா. சத்தியமா வியாபாரின்னுதான் நினைச்சேன்."

உன் மாமா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

மெஸ்ஸை மூடிவிட்டோம் என்று எழுதினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. மாமா வீட்டில் இருக்கிறார் என்று எழுதினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. நீலசந்திராவில் காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டாய்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெரிந்துதான் அனுப்பினாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தனலக்ஷ்மி

*

மாலூர்
26.5.2002

அன்பு அக்காவுக்கு,

மாமாவுக்குக் கை இப்ப எப்படி இருக்கு? விஷயம் கேட்டு நானும் உஷாவும் ரெண்டு நாள் சாப்பிடல. உடனே எழுதணும்னு பேனாவை எடுத்து எடுத்து வச்சேன்.

கோவிந்தப்பா அண்ணன் பேச்சை நீ அப்படியே நம்பிட்ட. இந்தப் போகம் எனக்கு நல்லா வந்ததுல இருந்து அவருக்கு என் மேல ஒரு இது. நிலத்தைத் திருப்பிக் கேக்கறதுக்கு வழி பார்க்கிறார். அவர் நூறு சொல்வார். மழையில பார் கரைஞ்சது என் தப்பா? ஆள் கிடைக்காதது என் தப்பா?

வாந்தி கிழங்கினாலதான்னு எப்படிச் சொல்ல முடியும்? பீன்யா தண்ணி எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். நான் தோலைத் தடியா சீவச் சொல்லித்தான் எழுதினேன். அத்தனை பேருக்குச் சமைக்கிற அவசரத்துல நீ எப்படிச் சீவினியோ. அப்புறம், மிஷின்ல கைக்கு முன்னாடி கம்பி வலை இருக்கணும், அது இல்லாதது கம்பெனி குத்தம். யூனியன்ல சொல்லி கேஸ் போடச் சொல்லு. நான் வேணும்னா ஒரு வக்கீலை விசாரிக்கிறேன்.

என் நிலைமையும் நீ நினைச்சுப் பார்க்கணும். முதல் போகம். கையில இருந்ததெல்லாம் மண்ணுல போட்டுட்டேன். மண்டியில எல்லாரும் பார்க்க என் கிழங்கைக் காலால தள்ளினான் அந்த ஏஜென்ட். உஷா வயித்துப் புள்ளையோட நிக்கிறா. அந்த நேரத்துல மனுஷனுக்கு என்ன தோணும்?

இப்ப நான் எவ்வளவு சுத்தமா பண்றேன்னு யசோதா மேடத்தைக் கேட்டுப் பாரு. யார் வந்து கேட்டாலும் மண்ணு அணைக்கறதைச் சொல்லிக் கொடுக்கறேன். பச்சைக் கிழங்கைக் கண்ட இடத்துல குழி வெட்டிப் புதைக்கச் சொல்றேன்.

நான் உன் தம்பி. அதை மட்டும் மறந்துடாத.

உதயா

*

நீலசந்திரா
15.9.2002

உதயகுமாருக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீ எழுதினதைப் படித்தேன். நான் கேட்ட சொல் அதில் இல்லை. மண்டியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று அன்றைக்கு எழுதியிருந்தாய். காலால் தள்ளினான் என்று இப்போது எழுதியிருக்கிறாய். பதில் அதிலேயே இருக்கிறது. நீயாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், உன்னைத் திட்டியிருப்பேன், பிறகு எப்படியோ ஆகியிருக்கும். இப்போது அழுகையும் வரவில்லை.

நீ கோவிந்தப்பாவிடம் கொடுத்து அனுப்பின மூட்டையைப் பல நாள் நான் பிரிக்கவில்லை. உன் மாமாதான், "கிழங்கு என்ன பண்ணுச்சு, சமை" என்றார். சமைத்தேன். அவர் இடது கையால் பிசைந்து சாப்பிட்டார். "நல்லா இருக்கு. உன் தம்பி தொழிலைக் கத்துக்கிட்டான்" என்றார். உண்மைதான். ஒரு சொட்டுப் பச்சை இல்லை, கசப்பு இல்லை. மிச்சத்தைத் தெருவில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். நான் சாப்பிடவில்லை. சிந்து தட்டைத் தள்ளிவிட்டாள்.

மிஷினில் வலை இல்லாதது கம்பெனி குற்றம்தான். அதற்கு முனியப்பன் யூனியனில் சொல்லி அலைந்துகொண்டிருக்கிறார். உன் வக்கீல் வேண்டாம்.

உன் மாமா உன்னை மன்னித்துவிட்டார். அவர் கை, அவர் மன்னிக்கலாம். பச்சையாக இருக்கிறதே, சாப்பிடலாமா என்று உன்னைக் கேட்டது அவர் இல்லை. நான். உன் வார்த்தைக்காகக் காத்திருந்து, அது வந்த பிறகு என் கையால் அடுப்பில் ஏற்றியவளும் நான். என் பிள்ளையின் டப்பாவில் அதை வைத்து மூடினேன். அதனால் என்னால் முடியவில்லை.

இந்தக் கடிதம் எழுதும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது.

சிந்து பெரியவளாகிவிட்டாள். போன வியாழக்கிழமை இங்கே பிள்ளையார் கோயில் பக்கத்துச் சின்ன மண்டபத்தில் தண்ணீர் ஊற்றினோம். "உன் தம்பிக்குச் சொல்லு, தாய்மாமன் இல்லாம எப்படி?" என்று உன் மாமா தினமும் கேட்டார். தபால் கார்டுகூட வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். நான் எழுதவில்லை. உஷாவின் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அனுஷாவுக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருக்கிறேன், கோவிந்தப்பா வரும்போது வாங்கிப்போகச் சொல்கிறேன்.

மண்டபத்தில் பெண்கள் சிந்துவை மணையில் உட்கார வைத்தார்கள். மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் தயாராக இருந்தது. பக்கத்து வீட்டு சுப்புலக்ஷ்மி அம்மாதான் முன்னால் நின்று நடத்தினார். "தாய்மாமன் வந்து மாலை போடட்டும்" என்று குரல் கொடுத்தார். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் ஊரில் இல்லையா, வழியில் இருக்கிறாரா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

அப்போது முனியப்பன் எழுந்தார். அவர் மனைவி தட்டில் ஒரு புடவை கொண்டுவந்திருந்தாள். வெறும் மொய்யாகக் கொடுக்கத்தான் கொண்டுவந்தார்கள். அதை வாங்கி மாலையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய், "நான் போடலாமா அக்கா?" என்று என்னைக் கேட்டார்.

போடுங்கள் என்றேன்.

சிந்து எழுந்து அவர் காலில் விழுந்தாள். நிமிர்ந்ததும், "மாமா" என்று கூப்பிட்டாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

தனலக்ஷ்மி